ரகரம் விழுந்த குரல்

எங்கள் மலையில் காட்டுக்குள் போய்விட்டால் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. அப்பா, அம்மா, அண்ணா என்று முறை சொல்லியும் கூப்பிடக் கூடாது. பேரைக் கேட்டால் அது கற்றுக்கொள்ளும். கற்றுக்கொண்டு, பிறகு என்றைக்காவது நாம் தனியாக நிற்கும்போது நம் வீட்டு ஆட்களின் குரலிலேயே கூப்பிடும். 'அது' என்றால் எது என்று என்னைக் கேட்காதீர்கள். புதூர்நாட்டுப் பக்கத்தில் எங்கள் ஊரில் யாருமே அதற்குமேல் சொன்னதில்லை. 'அது' என்பார்கள், அதுவும் குரலைத் தாழ்த்திக்கொண்டு, வெளியே ஒரு பார்வை பார்த்துவிட்டு.

ஆனால் காட்டில் ஆளைக் கூப்பிடாமல் காலம் தள்ள முடியுமா? சாமை அறுக்கப் போகிறோம், புளி உலுக்கப் போகிறோம், விறகுக்குப் போகிறோம். அதனால் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு காட்டுக்குரல் உண்டு. அர்த்தம் எதுவும் இல்லாத வெறும் சத்தம். எங்கள் வீட்டுக்கு 'ஏலோ'. பக்கத்து வீட்டுக்கு 'ஊர்ரே'. நாம் 'ஏலோ' என்று கூப்பிட்டால் நம் ஆள் எங்கிருந்தாலும் 'ஏலோ' என்று திருப்பிச் சொல்ல வேண்டும். முழுசாக வந்தால் மனுஷக் குரல். ஓர் எழுத்து குறைந்து வந்தால் மனுஷக் குரல் இல்லை. அப்படிக் குறைந்து வந்துவிட்டால் அந்தத் திசையில் ஓரடிகூட வைக்கக் கூடாது. பெற்ற பிள்ளையே ஆனாலும் தேடக் கூடாது. திரும்பிப் பார்க்காமல் வீடு வந்து சேர வேண்டும்.

எனக்கு விவரம் தெரிவதற்கு முன்னால் பக்கத்து வீட்டுக்காரர் தேன் எடுக்கப் போனாராம். பொழுது சாய்ந்தும் ஆள் வரவில்லை. 'ஊர்ரே' என்று கூப்பிட்டிருக்கிறார்கள். 'ர்ரே' என்று வந்திருக்கிறது. அவ்வளவுதான், எல்லோரும் திரும்பி வந்துவிட்டார்கள். அவர் மனைவி இன்றைக்கும் நெற்றி நிறையக் குங்குமம் வைத்துக்கொண்டுதான் கொல்லை வேலைக்குப் போகிறார். மலை எடுத்துக்கொண்டவர் செத்தவர் கணக்கில் வர மாட்டார். காரியம் கிடையாது, படம் மாட்டுவது கிடையாது, பேரை உச்சரிப்பதும் கிடையாது.

இதையெல்லாம் ஆபீசில் மதியச் சாப்பாட்டின்போது சொன்னால் கூட வேலை பார்ப்பவர்கள் சிரிக்கிறார்கள். நன்றாகச் சிரிக்கட்டும். அவர்கள் யாருக்கும் பனிமூட்டத்துக்குள்ளிருந்து பதில் வந்ததில்லை. எனக்கு வந்தது.

அந்தக் கதையைச் சொல்வதற்கு முதலில் என் சித்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பாவின் தம்பி, அதாவது என் சித்தப்பா, புதூர்நாட்டிலிருந்து திருப்பத்தூருக்கு ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தார். அவர் கட்டிக்கொண்டு வந்தவள் சித்தி. சித்தியின் அப்பாவும் மலைக்காரர்தான். போளூரில் ஓர் ஆபீசில் வேலை கிடைத்து இறங்கிப் போனவர். அங்கே வளர்ந்து, பஸ்ஸில் போய்வந்து ஆங்கிலத்தில் எம்.ஏ. படித்து முடித்தவளை, மறுபடியும் மலைக்கே ஏற்றிவிட்டார்கள். களி கிளறத் தெரியாது, ஏர் மாடு என்றால் பயம். ஆனால் வாயைத் திறந்தால் போதும், கூட இருக்கிறவர்களுக்கு நேரம் போவது தெரியாது. எனக்கு அப்போது பத்துப் பதினொரு வயது. பள்ளிக்கூடம் விட்டதும் பையை வீசிவிட்டு அவள் பின்னால்தான் சுற்றுவேன்.

எங்கள் ஆங்கிலப் பாடத்தில் ஒரு கழுதைக் கதை வந்தது. அதில் கழுதைக்கு 'ஆஸ்' என்று போட்டிருந்தார்கள். வாத்தியார் அந்த வார்த்தை வரும்போதெல்லாம் இருமினார். பின்பெஞ்சில் இருந்த பெரிய பையன்கள் பெஞ்சுக்குக் கீழே தலையை விட்டுச் சிரித்தார்கள். கழுதையில் இவ்வளவு சிரிப்பதற்கு என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. நேராகச் சித்தியிடம் போய்க் கேட்டேன். அவள் முறத்தில் அவரைக்கொட்டை புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்துவிட்டு, மூக்கில் ஆரம்பித்து வயிறு குலுங்கும் அந்தச் சிரிப்பைச் சிரித்தாள்.

"அது கழுதையும்தான், குண்டியும்தான்டி. ஆனா ரெண்டும் வேற வேற குடும்பம்."

அதற்குப் பிறகு அவள் சொன்னதை நான் இன்றுவரை மறக்கவில்லை. குண்டிக்கு இங்கிலீஷ்காரர்களுடைய பழைய வார்த்தை 'ஆர்ஸ்'. ஆயிரம் வருஷத்துக்கும் மேலே பழசு. வாலுக்கும் அதற்கும் சொந்தம் என்பார்களாம். ஒரு காலத்தில் வைத்தியரும் சொன்னார், சாமியாரும் சொன்னார், யாரும் முகம் சுளிக்கவில்லை. பிறகுதான் அது கெட்ட வார்த்தையாகிப்போனது. கெட்டுப்போன பிறகு நடுவில் இருந்த 'ர்' ஆட்டம் கண்டது. கடல் தாண்டி அமெரிக்காவுக்குப் போனவர்கள் வாயில் அது நிற்கவே இல்லை. 'ஆர்ஸ்' போய் 'ஆஸ்' ஆனது. அது மட்டுமில்லை, சாபத்துக்கு 'கர்ஸ்' என்று ஒரு வார்த்தை, அதுவும் 'கஸ்' ஆகிவிட்டது. வெடிப்பதற்கு 'பர்ஸ்ட்', அது 'பஸ்ட்'. எல்லாவற்றிலும் நடுவில் இருந்த 'ர்'தான் விழுந்தது.

"பாவம்டி கழுதை. அதுக்கும் ஆஸ்னு பேரு, லத்தீன்லேர்ந்து வந்த மரியாதையான பேரு. இந்த அசிங்கம் புடிச்சது வந்து பக்கத்துல குந்திக்கிச்சி. வெக்கப்பட்டுக்கினு கழுதைக்கு டாங்கின்னு வேற பேரு வச்சிட்டாங்க."

தப்பு வார்த்தையா சித்தி என்று கேட்டேன். கறிக்கடையில் குண்டிக்காய் கொடு என்று கேட்டால் யாராவது அடிக்கிறார்களா, வார்த்தை என்ன பாவம் செய்தது என்றாள். எனக்கு அப்படியே உடம்பெல்லாம் சிலிர்த்தது. இவ்வளவு விஷயம் தெரிந்தவள் எங்கள் வீட்டில் உட்கார்ந்து அவரைக்கொட்டை புடைக்கிறாளே என்று பெருமையாகவும் இருந்தது, என்னவோபோலவும் இருந்தது.

அந்த வாரமே நாங்கள் இருவரும் எங்களுக்கென்று தனியாக ஒரு காட்டுக்குரல் வைத்துக்கொண்டோம். 'ஏலோ' பழசு, காட்டில் இருக்கிற 'அது' எப்போதோ அதைக் கற்றுக்கொண்டிருக்கும், இங்கிலீஷ் என்றால் அதற்கு எட்டாது என்று சித்தி காதோடு சொன்னாள். விளையாட்டுக்குச் சொன்னாளா, நம்பித்தான் சொன்னாளா, தெரியவில்லை. காட்டில் நான் 'ஆர்ஸ்' என்று கத்துவேன், எதிர்ச் சரிவிலிருந்து 'ஆர்ஸ்' என்று வரும். அப்பாவுக்கு அர்த்தம் தெரியாது. நல்ல குரலாகத்தான் இருக்கிறது, தூரத்துக்குக் கேட்கிறது என்று அவரே மெச்சிக்கொண்டார். ஒருநாள் விறகுக்குப் போன எங்களைக் காணோமென்று பாறைமேல் ஏறி நின்று, வாயில் கை குவித்து, பள்ளத்தாக்கே அதிரும்படி "ஆர்ஸ்... ஆர்ஸ்..." என்று கூப்பிட்டார் பாருங்கள், சித்தி விறகுக் கட்டைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரித்துச் சிரித்து எங்கள் இருவருக்கும் பதில் குரல் கொடுக்கவே தெம்பில்லை. அப்பா கத்திக் கத்திக் களைத்தே போனார்.

ஆனால் வீட்டில் எல்லாம் சிரிப்பாக இல்லை. சித்திக்கு மேலே படிக்க வேண்டும். அதைத்தான் கல்யாணமான நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அப்பாதான் வீட்டுக்குப் பெரியவர். கூடாது என்றுவிட்டார். ஒருமுறை சொல்லாமல் போளூருக்குப் போனாள். அவளைப் பெற்றவரே மறுநாள் பைக்கில் ஏற்றிக்கொண்டு வந்து வாசலில் இறக்கிவிட்டுப் போனார். இன்னொரு முறை சென்னைக்கே போய்விட்டாள். அப்பா நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போய்த் தோழி வீட்டிலிருந்து அழைத்து வந்தார். ஜீப்பிலிருந்து இறங்கியபோது சித்தியின் உதட்டில் ரத்தம் காய்ந்திருந்தது. அவள் செல்போனை அப்பா வாங்கி வைத்துக்கொண்டார்.

"எங்க போனாலும் வுட மாட்டேன். பூமிக்குள்ள போயி பூந்துக்கினாலும் தோண்டி இழுத்துனு வருவேன்."

அப்பா இதைத் தெருவில் நின்று, ஊருக்கே கேட்கும்படி சொன்னார். சித்தப்பா ஜீப்பின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நின்றார். இவரெல்லாம் ஓர் ஆம்பிளையா என்று அந்த வயதிலேயே எனக்கு ஆத்திரமாக வந்தது. அதற்குப் பிறகு சித்தி தனியாக எங்கேயும் போனதில்லை. கொல்லைக்குப் போனாலும் கூட யாராவது ஒருத்தர்.

கார்த்திகையில் சாமை அறுப்பு. எங்கள் நிலம் சரிவின் விளிம்பில் இருந்தது. அந்தப் பக்கம் இறங்கினால் அடிவாரத்தில் ஒடுகத்தூர் என்பார்கள். முன்னே ஒரு வழி இருந்ததாம். ஆனால் தேனெடுக்கப் போனவருக்கு 'ர்ரே' வந்தது அந்தச் சரிவிலிருந்துதான், அதனால் எனக்குத் தெரிந்து யாரும் அதில் கால் வைத்ததில்லை. சாப்பாடு முடிந்து மறுபடியும் குனிந்து அறுக்க ஆரம்பித்தபோது மூட்டம் வந்தது. எங்கள் மலையில் மூட்டம் மேலிருந்து இறங்காது, பள்ளத்திலிருந்து ஏறிவரும். முதலில் கால் தெரியாது, பிறகு இடுப்பு தெரியாது, பிறகு பக்கத்தில் அறுக்கிறவரின் அரிவாள் சத்தம் மட்டும் கேட்கும். எல்லோரும் இருந்த இடத்திலேயே நின்றுவிட வேண்டும் என்பது வழக்கம். நின்றோம். ஒரு காக்கை சத்தம்கூட இல்லை.

மூட்டம் கொஞ்சம் கலைந்தபோது சித்தியைக் காணவில்லை. அவள் அறுத்த சாமை ஒழுங்காகக் கட்டி வைத்திருந்தது. கட்டின்மேல் அரிவாள் கிடந்தது.

அப்பா "ஏலோ" என்று கூப்பிட்டார். பதில் இல்லை. அம்மா கூப்பிட்டாள், என் பெரிய அண்ணன் கூப்பிட்டான். எதுவும் வரவில்லை. மறுபடியும் மூட்டம் கட்டிக்கொண்டது. ஊருக்கு ஆள் ஓடியது. டார்ச் லைட்டும் கயிறுமாகப் பத்துப்பேர் வந்து சேர்ந்தார்கள். திருப்பத்தூர் சவாரி முடிந்து வந்த சித்தப்பாவும் ஜீப்பை வழியிலேயே விட்டுவிட்டு ஓடிவந்தார். இருட்டவில்லை, ஆனால் வெளிச்சமும் இல்லை, எங்கே பார்த்தாலும் ஒரே சாம்பல் நிறம். விளிம்பில் தவறி விழுந்திருப்பாளோ என்று அம்மா முந்தானையை வாயில் வைத்து அழுதாள். இருட்டுவதற்குள் கிடைக்காவிட்டால் குளிரிலேயே செத்துப்போய்விடுவாள் என்று யாரோ சொன்னார்கள்.

அப்போதுதான் அப்பாவுக்கு அந்த ஞாபகம் வந்தது.

"நீயும் அவளும் ஒரு குரலு வச்சினிருந்தீங்களே, அத்தெக் கூப்புடு."

விளிம்பில் துருத்திக்கொண்டிருந்த பாறையில் என்னை ஏற்றி நிறுத்தினார்கள். அம்மா பின்னாலிருந்து என் பாவாடையைப் பிடித்துக்கொண்டாள். நான் மூச்சை இழுத்துக்கொண்டு "ஆர்ஸ்" என்று கத்தினேன். முன்பெல்லாம் அந்த வார்த்தையைக் கத்தினால் சிரிப்பு வரும். அன்றைக்கு அழுகை வந்தது. மூட்டம் அந்தச் சத்தத்தை அப்படியே உறிஞ்சிக்கொண்டது. மறுபடியும் கத்தினேன். ஒன்றுமில்லை. இன்னொரு முறை வாயைத் திறக்கப்போனேன்.

"ஆஸ்."

பாறைக்கு நேர் கீழே. மனுஷர் நிற்பதற்கு இடமே இல்லாத பள்ளத்திலிருந்து, மிகப் பக்கத்தில், நிதானமாக வந்தது. சித்தியின் குரல்தான். ஆனால் நடுவில் இருக்க வேண்டிய எழுத்து இல்லை.

பக்கத்து வீட்டு அண்ணன் கையிலிருந்த டார்ச் நழுவிக் கல்லில் உருண்டது. குங்குமம் வைத்த அந்த அம்மா "ஐயோ" என்று அப்படியே உட்கார்ந்துவிட்டார். பூமியைத் தோண்டி இழுத்து வருவேன் என்று சொன்ன என் அப்பா, இரண்டடி பின்னால் நகர்ந்தார். அவர் பயந்து நான் பார்த்தது அதுதான் முதல்முறை.

அது கற்றுக்கொண்டுவிட்டது. எட்டாது என்று நினைத்தோமே, இந்த மலை முழுக்கக் கத்திக் கத்தி நாங்களே அதற்கு இங்கிலீஷ் கற்றுக்கொடுத்துவிட்டோம். அந்த எழுத்தைத் தின்றுவிட்டது, அதோடு சித்தியையும் தின்றுவிட்டது. அப்படித்தான் அந்தக் கணத்தில் எனக்குத் தோன்றியது. இப்போது எழுதும்போதும் கைமுடி நிற்கிறது.

அப்பா கொஞ்சம் சுதாரித்துக்கொண்டார். அவளைப் பெற்றவர் வந்து கேட்டால் என்ன சொல்வது, கயிறு கட்டி நாலு பேர் இறங்கிப் பார்த்துவிடலாம் என்று முனகினார். யாரும் முன்னால் வரவில்லை. ஆனாலும் அப்பா கயிற்றைக் கையில் எடுத்தார்.

அப்போது சித்தப்பா பாறைமேல் ஏறி என் பக்கத்தில் வந்து குந்தினார். என் இரண்டு தோளையும் பிடித்தார். கை ஜில்லென்று இருந்தது. மற்றவர்களுக்குக் கேட்காமல், காதருகே வாயை வைத்துக் கேட்டார்.

"நீதான் கிட்ட இருந்த. கொரலு அழுவுறாப்ல இருந்துச்சா, சிரிக்கிறாப்ல இருந்துச்சா?"

இது என்ன கேள்வி என்று எனக்குத் தோன்றியது. இருந்தாலும் யோசித்துப் பார்த்தேன். அந்த 'ஸ்' முடிகிற இடத்தில் மூக்கிலிருந்து ஒரு சின்னக் காற்று வந்தது.

"சிரிச்சாப்லதான் இருந்துச்சி."

அவர் என் தோளை ஒருமுறை இறுக அழுத்தினார். பிறகு எழுந்து அப்பா கையிலிருந்த கயிற்றை வாங்கிச் சுற்றினார்.

"வாணாம். எழுத்து கொறஞ்சிடுச்சி. எம் பொண்டாட்டி, நான் சொல்றேன். யாரும் எறங்காதீங்க."

அவ்வளவுதான். அவர் முன்னால் நடந்தார், எல்லோரும் பின்னால் நடந்தோம். நான் மட்டும் திரும்பிப் பார்க்கப் போனேன், அம்மா என் கன்னத்தில் ஒன்று வைத்துத் தலையை முன்னால் திருப்பினாள். இரண்டு நாள் கழித்துப் போளூரிலிருந்து சித்தியின் அப்பா வந்தார். மலையில் பிறந்தவர்தானே, எழுத்துக் குறைந்து வந்தது என்றதும் வேறெதுவும் கேட்கவில்லை. வாசலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதுவிட்டுப் போய்விட்டார். போலீஸ், கோர்ட்டு எதுவும் இல்லை. அன்றிலிருந்து இன்றுவரை யாரும் அவளைத் தேடவில்லை, பேரையும் சொல்லவில்லை. நானும் இதில் அவள் பேரை எழுதவில்லை. படித்து, வேலைக்குப் போய், இவ்வளவு பேசியும் அந்தப் பயம் மட்டும் விடவில்லை.

பல வருஷம் கழித்து, கல்லூரியில் படிக்கும்போது, ஒருநாள் பஸ்ஸில் உட்கார்ந்திருந்த எனக்குத் திடீரென்று பொறி தட்டியது. எதிரொலி வார்த்தையின் தலையை விழுங்கும், வாலை இழுக்கும். 'ஊர்ரே' என்றால் 'ர்ரே' என்று வரும். ஆனால் நடுவிலிருந்து ஓர் எழுத்தை மட்டும் பிடுங்க அதற்குத் தெரியாது. பாறைக்கும் தெரியாது, காற்றுக்கும் தெரியாது. 'ஆர்ஸ்' என்பதில் எந்த எழுத்து விழும், யார் வாயில் விழுந்தது என்று தெரிந்தவள் எங்கள் மலையில் ஒரே ஒருத்திதான் இருந்தாள். எழுத்துக் குறைந்தால் யாரும் தேடி வர மாட்டார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும். பஸ் என்றுகூடப் பார்க்காமல் விம்மி விம்மி அழுதேன். பக்கத்து சீட்டுக்காரம்மா தண்ணி பாட்டிலை நீட்டினார்.

அப்படித்தான் நடந்தது என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது. போன வருஷம் ஊருக்குப் போயிருந்தபோது பட்டப்பகலில் அந்தப் பாறைக்கு ஏறினேன். எட்டிப் பார்த்தால் கீழே கால் ஊன்ற ஒரு விரற்கடை இடமில்லை. அவள் எங்கே நின்று பேசினாள்? வாயில் கை குவித்து "ஆர்ஸ்" என்று கத்தினேன். ரொம்ப நேரம் கழித்து, "ஸ்ஸ்ஸ்" என்று மட்டும் வந்தது. திரும்பிப் பார்க்காமல் இறங்கி வந்துவிட்டேன். அவளிடமிருந்து இத்தனை வருஷத்தில் ஒரு தகவலும் இல்லை. வரக் கூடாது என்றுதான் நானும் வேண்டிக்கொள்கிறேன்.

ஆனால் அன்றைக்கு இதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீடு வந்து சேர்ந்தோம். அப்பா கயிற்றுக் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். நான் மூலையில் சுருண்டு அழுதுகொண்டிருந்தேன். சித்தப்பா கைகால் கழுவிக்கொண்டு வந்து சாப்பிட உட்கார்ந்தார். அம்மா களி உருண்டையை வைத்துக் கீரைக் குழம்பை ஊற்றினாள். சாப்பிட்டார். வழித்து வழித்து, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். பொண்டாட்டியை மலைக்குக் கொடுத்துவிட்டு வந்தவனுக்குத் தொண்டையில் எப்படி இறங்குகிறது என்று எனக்கு வயிறு எரிந்தது. அவர் கேட்காமலே அம்மா இன்னொரு உருண்டையை வைத்தாள், அதையும் சாப்பிட்டார். சாப்பிடும்போது அவர் கண்ணிலிருந்து தண்ணீர் தட்டில் சொட்டிக்கொண்டே இருந்தது. குழம்பில் காரம் அதிகம் போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.